வெறும் நெற்றி

அக்கா அந்த வருடம் பொங்கலுக்கு வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. காதில் கம்மல் இல்லை, கையில் வளையல் இல்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. வெளிர் நீலத்தில் ஒரு வாயில் புடவை. தலையில் பூ வைக்காமல் இறுக்கிப் பின்னிய சடை. வாசலில் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி உள்ளே வந்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"மாப்பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு?"

"அவங்க நல்லா இருக்காங்கம்மா. பஸ் ஸ்டாண்டுல பழம் வாங்கிட்டு வாராங்க."

அத்தான் பின்னாலேயே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். அதற்குப் பிறகும் அம்மாவுக்கு மூச்சு சீராகவில்லை. அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் நெத்தி ஒண்ணு போதாதாட்டி இந்த வீட்டுக்கு?" என்று அழுதாள்.

அப்பா இறந்தபோது எனக்கு இருபது வயது. எம்.ஏ. முதலாண்டு. பதினாறாம் நாள் அதிகாலையில் நான்கு கிழவிகள் அம்மாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த அம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. நான் சண்டை போட்டேன். ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்து கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை. பெண்ணியம் என்று பின்னாளில் நான் படித்ததற்கெல்லாம் முதல் பாடம் அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது.

எனவே அக்கா தானாக அழித்துக்கொண்டு வந்து நின்ற நெற்றியைப் பார்த்ததும் எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். ஒருத்தியிடமிருந்து பிடுங்கினார்கள். இன்னொருத்தி தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அக்கா பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்திருந்தாள். அத்தானும்தான். ஆனால் அத்தானின் உடம்பில் எதுவும் மாறியிருக்கவில்லை. அவர் அதே வேட்டி சட்டையில் இருந்தார். அதை நான் அப்போதே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இரவு மொட்டை மாடியில் அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசினேன் என்றால் வகுப்பெடுத்தேன். ஆணாதிக்கம் பெண்ணின் உடம்பை எப்படிக் கொடிக்கம்பமாக ஆக்குகிறது, எந்த மதமானாலும் விதி பெண்ணுக்குத்தான், பொட்டு வை என்பவனும் வைக்காதே என்பவனும் ஒரே ஆள்தான் என்றெல்லாம் சொன்னேன். இன்றைக்கும் அவற்றில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடானவையே. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில், "குளிருது, கீழ போவோமா?" என்றாள். அவளிடம் பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

*

எங்கள் ஊர் நாங்குநேரி பக்கம். இந்தப் பக்கத்தில் கிறித்தவர்களை 'வேதக்காரங்க' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். அதற்குள் கத்தோலிக்கர் உண்டு, தென்னிந்தியத் திருச்சபையினர் உண்டு, பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் உண்டு. தாலியில் சிலுவை கோத்து, பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்துத் திருமணத்துக்குப் போகும் கிறித்தவப் பெண்ணும், நகையே அணியாத என் அக்காவும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒன்றுதான். "எங்க தெருவுல டீச்சர் இருக்காங்க, அவங்களும் வேதக்காரங்கதான், எம்புட்டு லட்சணமா இருக்காங்க! நீ ஏன் இப்படி?" என்று சித்தி கேட்டாள். அக்காவின் சபையிலோ அந்த டீச்சர் இன்னும் முழுதாக 'விசுவாசத்துக்குள்' வராதவர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்று, உள்ளே இருப்பவர்களுக்கு அடுத்த வீடே வெகுதூரம்.

எங்கள் பக்கமும் இதேதான். எங்கள் வீட்டுத் தெய்வம் இசக்கியம்மன். கையில் பிள்ளையோடு நிற்பவள். கல்யாணமாகி நான்கு வருடம் பிள்ளையில்லாமல் அம்மா இசக்கி கோவிலில் தொட்டில் கட்டினாள். அப்படிப் பிறந்தவள்தான் அக்கா. சுசீந்திரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகும் எங்கள் பெரிய வீட்டுச் சொந்தங்கள், இசக்கி என்றால் "அது துஷ்ட தேவதைல்லா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அக்காவின் சபையில் குரலைத் தாழ்த்தவில்லை. பிசாசு என்றே சொன்னார்கள்.

சேர்ந்த புதிதில் அக்கா அதை அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். "நீ கும்புடுதது பிசாசும்மா." இதை நான் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அக்காவே சொன்னாள்.

இசக்கி என்ற பெயர் 'யக்ஷி', 'இயக்கி' என்ற சமண வழக்கிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் கருத்து. இசக்கி கதையோடு பின்னிக் கிடக்கும் பழையனூர் நீலி கதையைப் படிக்காத தமிழ் மாணவி இருக்க மாட்டாள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகிறாள். அவன் மறுபிறவி எடுத்து வரும்போது கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி என்று சொல்லி ஊர்ச்சபையில் அழுது, அவனைத் தன்னோடு அனுப்பவைத்துப் பழி தீர்க்கிறாள். நம்முடைய மொழி இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது எது? 'நீலிக்கண்ணீர்'. பொய் அழுகைக்குப் பெயர் வைத்தாயிற்று. அந்த அழுகைக்கு முன்னால் ஒரு கொலை நடந்தது, அது பொய்யில்லை என்பது சொல்லுக்குள் வரவில்லை. கதையைப் பாதியில் கேட்பவர்களின் தீர்ப்பு மொழியில் தங்கிவிட்டது.

இதே நீலியைச் சமணர்கள் வேறு விதமாக எழுதினார்கள். 'நீலகேசி' காப்பியத்தில் அவள் முனிசந்திரர் என்ற துறவியைக் கலைக்க வந்து தோற்று, அவர் மாணவியாகி, நாடெங்கும் போய்ப் பிற சமயத்தாரோடு வாதிடும் தத்துவவாதியாகிறாள். பேயாக இருந்தவளைத் தருக்க மேடையில் ஏற்றிய அந்த நூலை என் முனைவர் பட்ட நாட்களில் நான் காதலித்தேன். அவள் முதலில் வாதிட்டு வெல்வது இன்னொரு பெண்ணை என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டலகேசி, பௌத்தப் பெண். அவள் பெயரால் அமைந்த காப்பியம் இன்று முழுதாக இல்லை, சில பாடல்களே மிஞ்சியுள்ளன. அவள் எப்படி வாதிட்டிருப்பாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவளைத் தோற்கடிப்பதற்காக எழுதப்பட்ட நீலகேசியையும் அதன் உரையையும்தான் நாம் திறக்க வேண்டியிருக்கிறது. ஆசீவகர்களின் நிலையும் இதுவே. அவர்களுடைய சொந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் நம்பியதை அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்த அளவுக்கே அறிகிறோம்.

மொட்டை மாடியில் அன்றைக்கு அக்காவின் சமயத்தைப் பற்றி நான் பேசியதும் இந்த வகைதான். அவள் வாயிலிருந்து ஒரு வரி வாங்காமல் அவளுடைய வாதத்தையும் நானே சொல்லி, நானே மறுத்து, நானே வென்றேன்.

*

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது விழுப்புரம் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில். விடுதியில் மாணவி ஒருத்தி இரவு உணவுக்கு வருவதில்லை என்று காப்பாளர் என்னிடம் புகார் சொன்னார். சாயங்காலம் ஐந்தரைக்கே சமையலறைக்குப் போய் மத்தியானச் சோற்றில் மீதியைக் கேட்கிறாளாம். உடம்பு இளைக்க இப்படிச் செய்கிறாள் என்றார் ஒருவர், திமிர் என்றார் இன்னொருவர். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர் வட்டாரத்துப் பெண்.

"நாங்க நயினார் மேடம். பொழுது சாய்ஞ்சா சாப்பிட மாட்டோம்."

சகமாணவிகள் அவளை 'சேட்டு வீட்டுப் பொண்ணா?' என்று கேட்டார்களாம். சைனர் என்றால் வடக்கிலிருந்து வந்த வணிகர்கள்தான் என்பது அவர்கள் எண்ணம். அவளுக்கோ தமிழைத் தவிர வேறு வீட்டுமொழி கிடையாது. நான் அவர்களை நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பருவத்தில் நான் அவர்களுக்கு இலக்கிய வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். தமிழகத்தில் சமணம் தோன்றி, வளர்ந்து, அழிந்த கதையை மூன்று வாரம் நடத்தினேன். நாலடியார், சீவக சிந்தாமணி, நீலகேசி எல்லாம் 'அழிந்துபோன ஒரு சமயத்தின் கொடை' என்று சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் அவள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சாயங்காலம் போய் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் படித்திருக்கிறாள்.

இப்போது இருக்கும் கல்லூரியில் எனக்கு ஓர் ஆய்வு மாணவி. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?' நாவலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். உ.வே. சாமிநாதையர் முன்னுரை தந்த நாவல் அது. கருத்தரங்குகளில் இவள் கட்டுரை வாசித்து முடித்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் நாவலைப் பற்றியதாக இருக்காது, இவள் தலைமுக்காட்டைப் பற்றியதாக இருக்கும். "வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களா?" கேள்வி வராவிட்டால் பாராட்டு வரும். "முஸ்லிமா இருந்தும் எவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறீங்க!" உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. கீழக்கரை ஆசியா உம்மா ஞானப் பாடல்கள் எழுதியிருக்கிறார். அவற்றைப் பாடத்திட்டத்தில் படித்துப் பட்டம் வாங்கிய பேராசிரியர்கள்தான் இந்தப் பாராட்டைச் சொல்பவர்கள்.

ஒருமுறை ரயிலில் திரும்பும்போது அவளிடம் கேட்டேன். "உனக்குக் கோபம் வராதா?"

"வரும் மேம். கோபப்பட்டா, இவங்கள்லாம் இப்படித்தான்னு அதுக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க. அதான் சிரிச்சிடறேன்."

அவள் முக்காட்டைப் பற்றி நான் ஒருபோதும் கேட்டதில்லை. அது என் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அன்று அவளே சொன்னாள். "நீங்க கேக்காம இருக்கிறது தெரியுது மேம். கேக்கலாம். தீர்ப்பு எழுதி வச்சிட்டுக் கேக்கிறதுதான் கஷ்டம்." கேட்டேன். பள்ளியில் அம்மா சொல்லிப் போட்டது, பட்டப்படிப்பில் எடுத்துவிட்டது, பிறகு தானே மறுபடி போட்டது என்று மூன்று கட்டமாகச் சொன்னாள். மூன்றுக்கும் மூன்று காரணங்கள். அதில் ஒன்று, தொழுகையில் தனக்குக் கிடைக்கும் அமைதி. அந்தக் காரணத்தைச் சொல்லும்போது மட்டும் தயங்கினாள். நான் அதை நம்ப மாட்டேன் என்று நினைத்திருப்பாள்.

*

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையை வருடாவருடம் நடத்துகிறேன். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரில் மணிமேகலை பிரமாணவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி எல்லாரும் தங்கள் வாயால் சொல்கிறார்கள். எழுதிய சாத்தனார் பௌத்தர். நூல் எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்பது ஓர் ஒழுங்காக அந்தக் காதையில் இருக்கிறது. மணிமேகலை பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. பூதவாதியிடம் மட்டும் சிரித்துவிடுகிறாள். காட்சியளவையை மட்டும்தான் ஏற்பேன் என்கிறாயே, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். பகுத்தறிவு பேசும் மாணவிகள் அந்த இடத்தில் நெளிவார்கள். நானும் நெளிவேன். நம் நம்பிக்கைகளும் யாரோ சொல்லக் கேட்டு ஏற்றவற்றின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு வருடம் ஒரு மாணவி கேட்டாள். "மேம், இவ்வளவு அறிவான பொண்ணு எதுக்கு ஆண் துறவி வேஷம் போட்டுட்டுப் போறா?" இளம்பெண்ணாகப் போனால் சமயவாதிகள் அவளை மதித்துக் கொள்கையைச் சொல்ல மாட்டார்கள் என்று காப்பியமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ அவங்கள்ல ஒருத்தர்கூடப் பொண்ணு இல்லையா மேம்?" இல்லை. பத்துப் பேரும் ஆண்கள். சமயம் என்றால் என்ன என்று கேட்க வேண்டுமானால் அன்றும் ஆணிடம்தான் கேட்டார்கள். இன்றும் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பூசாரி, ஒரு போதகர், ஒரு ஆலிம் என்று மூன்று ஆண்களை உட்காரவைத்துப் பெண்களின் உடையைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த உடையை உடுத்துகிறவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்கப்படாமல் இரண்டு பக்கமும் தீர்ப்பு வாங்கியவர்களில் பண்டித ரமாபாய் முக்கியமானவர். கல்கத்தாவில் 1878இல் அவருடைய சமஸ்கிருதப் புலமைக்காக 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்கள் கொடுத்தார்கள். 1883இல் இங்கிலாந்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றதும் அதே புலமை துரோகமாகிவிட்டது. 1889இல் அவர் இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய சாரதா சதனைத் திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. மறுபக்கம், அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஆங்கிலக் கன்னியர்களுக்கும் அவர் அடங்காதவராகத் தெரிந்தார். மதம் மாறிய பிறகும் அவர் புலால் உண்ணவில்லை. சிலுவையில் இலத்தீன் வாசகம் எதற்கு, சமஸ்கிருதத்தில் இருக்கட்டுமே என்றார். திருச்சபை சொன்னதையெல்லாம் ஏற்காமல் தானே படித்துத் தானே முடிவு செய்வேன் என்றார். இந்துக்களுக்கு அவர் போய்விட்டவர், கிறித்தவர்களுக்கு முழுதாக வந்து சேராதவர்.

நான் ரமாபாயைப் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். எப்போதும் 1887இல் வெளிவந்த 'உயர்சாதி இந்துப் பெண்' நூலோடும் விதவைகள் இல்லத்தோடும் நிறுத்திக்கொள்வேன். கேட்காவில் அவர் நடத்திய முக்தி மிஷனில் 1905இல் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சத்தமிட்டு அழுது ஜெபித்த எழுப்புதலைச் சொல்ல மாட்டேன். இந்தியப் பெந்தெகொஸ்தே வரலாற்றில் அது முக்கியமான தொடக்கம். பஞ்சத்திலிருந்தும் வைதவ்யத்திலிருந்தும் மீட்கப்பட்ட பெண்களின் உரத்த ஜெபம். சீர்திருத்தவாதி ரமாபாய் எனக்கு வசதியாக இருந்தார். விசுவாசி ரமாபாய் சங்கடமாக இருந்தார். எனவே பாதியை வெட்டிவிட்டு மீதியை மேடையேற்றினேன். நீலிக்கண்ணீர் என்ற சொல்லைச் செய்தவர்கள் செய்ததும் இதுதானே.

*

அம்மா இரண்டு வருடத்துக்கு முன் இறந்தாள். பதினாறாம் நாள் விசேஷத்தன்று தம்பி வீட்டில் படையல் போட்டோம். அம்மாவுக்குப் பிடித்த அவியல், சொதி, உளுந்தங்களி. அக்கா காலையிலிருந்து பாத்திரம் தேய்த்தாள், காய் நறுக்கினாள், வந்தவர்களுக்கு இலை போட்டாள். படையலுக்குச் சூடம் காட்டும்போது வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது, "எனக்குக் கொஞ்சம் கட்டன்சாயா மட்டும் போதும்" என்றாள்.

சித்தி வெடித்துவிட்டாள். "பெத்தவளுக்குப் படைச்ச சோறு உனக்கு வெசமா போச்சாட்டி? தொட்டில் கட்டிப் பெத்தாளே, அதுக்கா?" கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்குள்ளும் சித்தி சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. கடவுளை நம்பாத நானே அம்மாவுக்காக அந்த இலையில் உட்கார்ந்தேனே, உன்னால் ஒரு வாய் சாப்பிட முடியாதா?

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். "ஒரு வாய் சாப்பிட்டா உங்க ஆண்டவர் கோவிச்சுக்குவாராக்கும்?"

அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "அம்மா இருந்தவரைக்கும் ஆடி, அமாவாசை, தீபாவளி எல்லாத்துக்கும் நான் இந்த வீட்டுல சாப்பிட்டுருக்கேன். நீ பாத்திருக்கல்லா?"

பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் சாப்பிட்டவள் இப்போது ஏன் மாட்டேன் என்கிறாள் என்பதுதான் என் கோபமே.

"அம்மா படைக்கதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு தூக்குல எடுத்து வச்சிருவா. சாமிக்குக் காட்டாதது. யாருகிட்டயும் சொல்ல மாட்டா. நான் சாப்பிட உக்காரும்போது அந்தத் தூக்கை மட்டும் திறப்பா."

பன்னிரண்டு வருடம் அம்மா இதைச் செய்திருக்கிறாள். அதே அடுப்படியில் நானும் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாது. சிலைக்குப் படைத்ததை உண்பது பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தை ஒட்டிக் கிறித்தவர்களுக்குள்ளேயே எத்தனையோ விளக்கங்கள் உண்டு. அம்மா அவற்றில் எதையும் அறிந்தவளில்லை. மகள் எதைச் சாப்பிட மாட்டாள் என்பதை மட்டும் அறிந்திருந்தாள். இத்தனைக்கும் அவள் தெய்வத்தைப் பிசாசு என்று சொன்னவள் இந்த மகள்.

அதையும் அன்றுதான் அக்கா சொன்னாள். "அப்படிச் சொன்னதுக்கு அம்மா கோவமே படலைட்டி. உனக்குக் காய்ச்சல்னா ராத்திரியில தூக்கிட்டு ஓடுன இடம் அது, நீ என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கோ, நான் ஓடுனது ஓடுனதுதான்னா. அதுக்குப் பெறகு நான் அந்தப் பேச்சை எடுக்கல. கும்புட மாட்டேன். ஆனா அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம்."

அந்த இரவுதான் மொட்டை மாடிக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. சபையில் சேர்வதற்கு முந்தைய மூன்று வருடத்தில் அத்தான் குடியில் அக்காவின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போய் மூழ்கியிருந்தன. கல்யாணவீடுகளுக்குப் போவதை அவள் நிறுத்தியிருந்தாள். போனால் கழுத்தைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள். கவரிங் போட்டுக்கொண்டு போய் ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறாள். "அந்தச் சபையில போயி உக்காந்த அன்னைக்கு ஒருத்தியும் என் கழுத்தைப் பாக்கல. டாக்டரம்மாவும் வெறுங்கழுத்து, மீன் விக்கிற அக்காவும் வெறுங்கழுத்து. அப்புறம் இன்னொண்ணு, மாசத்துல எந்த நாள்லயும் உள்ள போலாம். யாரும் தள்ளி நில்லுங்கல."

எனக்குப் புல்லரித்தது. இதோ விளக்கம் கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது. வறுமையின் அவமானத்திலிருந்து தப்பிக்கும் வழி, மாதவிலக்குத் தீட்டிலிருந்து விடுதலை, பெண்களுக்கிடையே சமத்துவம். கட்டுரைக்கு நல்ல பொருள். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அக்கா கையை நீட்டி என் முழங்காலில் தட்டினாள்.

"நகை போனதுனாலதான் இவ மாறிட்டான்னு எழுதிராத. அது நான் உள்ள நுழைஞ்ச வாசல். உள்ள இருக்கதுக்குக் காரணம் அது இல்ல. நான் நம்புதேன்."

இந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருடமும் நான் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன். நாம் நம்புவதற்கு நமக்குக் காரணங்கள் இருக்கின்றன. பிறர் நம்புவதற்கு மட்டும் பின்னணிகளைத் தேடுகிறோம்: வறுமை, பயம், மூளைச்சலவை, காசு, கணவன். நான் பெண்ணியவாதியானதற்குக் காரணம் அம்மாவின் நெற்றி என்று மேலே எழுதினேன். அதுவும் நுழைந்த வாசல்தான். அதற்குப் பிறகு படித்தேன், சிந்தித்தேன், ஏற்றேன். "அப்பா செத்த துக்கத்தில் இவள் இப்படி ஆகிவிட்டாள்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புவேனா? சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதுவதால் என் கேள்விகளை நான் மூட்டைகட்டி வைத்துவிட்டேன் என்று கொள்ள வேண்டாம். அக்காவின் சபையில் பெண்கள் சாட்சி சொல்லலாம், பாடலாம், பிரசங்க மேடையில் ஏற முடியாது. இசக்கி கோவிலில் சாமி பெண், பூசாரி ஆண், மாதவிலக்கான பெண்ணுக்கு வாசலோடு சரி. இவற்றை நான் எதிர்க்கிறேன். அக்காவிடம் நேரே சொல்லியும் இருக்கிறேன். "மேடை ஏறுனாத்தான் பெருசாட்டி?" என்றாள். பிறகு, "எனக்கும் சில நேரம் தோணும்" என்றாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே பக்கமாக நின்று அவளுடைய சபையைப் பார்த்தோம். எதிரில் நின்றுகொண்டு நான் வீசிய எந்த வாதத்துக்கும் அவள் அந்த வரியைத் தந்ததில்லை.

*

போன வருடம் அம்மாவின் தலைத்திதிக்கு நான் முந்தின நாளே தம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். அவியலை இறக்கியதும் அம்மாவின் பழைய எவர்சில்வர் தூக்கைத் தேடி எடுத்தேன். சோறு, சொதி, அவியல், களி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மூடி அடுப்படி மேடையில் தள்ளிவைத்தேன். தம்பி மனைவி பார்த்தாள். "அத்தை மாதிரியே செய்யுறீங்க மைனி" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

சூடம் காட்டும்போது அக்கா வழக்கம்போலத் திண்ணைக்குப் போனாள். கண்ணை மூடி உதடு அசைய உட்கார்ந்திருந்தாள். பந்தியில் அவள் இலைக்கு முன்னால் போய் நின்று தூக்கைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, தூக்கைத்தான் பார்த்தாள். அதன் காதில் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும்.

எதிர்வரிசையில் சித்தி பக்கத்திலிருந்தவளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கா. ஒரு பொட்டு வச்சா என்ன கொறைஞ்சிருமாம்?"

"சித்தி, அவளுக்குக் கேக்குது" என்றேன்.

"கேக்கட்டும்" என்றாள் சித்தி. பிறகு தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அக்காவின் இலையில் வைக்கப் போனவள், படையலுக்கு வைத்தது என்று நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டாள்.